அறுபதாயிரம் வேண்டாம், எர்த் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒரு தகப்பனார் மனம் நொந்து எழுதியிருந்தார். மகன் எலெக்ட்ரிக் கிட்டார் நன்றாக வாசிக்கிறானாம். காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல்களை வரிசையாக வைத்த பலகை ஒன்று கேட்கிறானாம். கடையில் விசாரித்தால் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டதற்கு, கரண்ட் சமாச்சாரத்தைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். இசையும் இனி இருக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டு முடித்திருந்தார்.

எங்கள் வீட்டில் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே பேச்சு நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் வரும் எர்த் விஷயத்தை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வக உதவியாளர். 26 வருடமாக அதே மேஜை, அதே மீட்டர்கள். அப்பா கோட்டாறில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் ஸ்லேட்டில் எழுதப் பழகிய வயதிலேயே சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் பழகினேன். அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். அவள் வந்து, "அத்தை, பெடல் இல்லாம வாசிச்சா என் சத்தம் வெறும் கம்பிச் சத்தமா இருக்கு, கீபோர்டுல காணாமப் போயிருது" என்றாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அவரிடம் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள் என்பதிலேயே அவளுக்கு வீட்டு நிலைமை தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

பெடல் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயரின் நடுவே உட்காரும் சின்ன இரும்புப் பெட்டி அது. உள்ளே ஒரு சர்க்யூட், மேலே காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். மிதித்தால் சத்தம் அந்தச் சர்க்யூட் வழியாகப் போகும், மறுபடி மிதித்தால் நேராகப் போகும். ஒரு பெட்டி சத்தத்தைக் கூட்டும், ஒன்று கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி சேர்க்கும். இவற்றையெல்லாம் ஒரே பலகையில் ஒட்டி, ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுத்தால் அதுதான் பெடல் போர்டு.

இந்தக் கரகரப்புச் சத்தம் பிறந்ததே ஒரு ரிப்பேரில் என்பதை அந்தத் தகப்பனார் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவின்போது, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் ஒரு பகுதி பழுதாகி, கிட்டார் சத்தம் கிழிந்துபோய் வந்தது. க்ளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் அந்தப் பழுதைப் பற்றி யோசித்து, அதே சத்தம் தரும் டிரான்சிஸ்டர் சர்க்யூட் ஒன்றைச் செய்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. ரிப்பேர் மேஜையில் வளர்ந்தவளுக்கு இதைப் படித்தபோது எவ்வளவு தைரியம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

முதலில் பலகை. எங்கள் மாவட்டம் ரப்பர் விளையும் மாவட்டம். பால் வற்றிய மரங்களை வெட்டிய பிறகு அந்தத் தடி மர அறுவை ஆலைக்குத்தான் வரும். மருந்தில் ஊறவைத்துக் காயவைத்த ரப்பர் மரத்தில் மிஞ்சிய துண்டுகள் கிடைக்குமா என்று கேட்டேன். 180 ரூபாய்க்கு நான்கு சட்டம் கொடுத்தார்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம். முன்பக்கம் ஒரு அங்குல உயரம், பின்பக்கம் மூன்று அங்குலம், பள்ளிக்கூடச் சாய்மேஜை மாதிரி. சட்டங்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டோம், ஒயரெல்லாம் அந்தச் சந்து வழியாக அடியில் இறங்கிவிடும். அடியில் நான்கு ரப்பர் புஷ். மேலே ஒட்டுவதற்கு வெல்க்ரோவைத் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினோம். மேடையில் ஒரு பெடல் மக்கர் செய்தால் பிய்த்து எடுத்துவிட்டு அடுத்ததை ஒட்டிக்கொள்ளலாம்.

பெட்டிக்குத்தான் நிறைய யோசித்தோம். பெடலுக்கென்றே வார்த்த அலுமினியப் பெட்டி விற்கிறார்கள், பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் அப்படித்தான். பிளாஸ்டிக் டப்பா ஆகாது, சுற்றுப்புற இரைச்சலையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும், உலோகம்தான் தடுக்கும். சுவரில் சுவிட்ச் பதிப்பதற்கு எலக்ட்ரீஷியன்கள் வைக்கும் ஜிஐ மெட்டல் பாக்ஸ் ஒன்று 90 ரூபாய். அதைக் கவிழ்த்தால் மூடிய பக்கம் மேலே வரும், திறந்த பக்கத்துக்கு அடியில் ஒரு தகடு போட்டு ஸ்க்ரூ. தகடு மெல்லியது என்பதால் சுவிட்ச் உட்காரும் இடத்தில் உள்ளே ஒரு பெரிய வாஷர் வைத்தோம். ஒன்றரை வருடமாக மிதி வாங்குகிறது, இன்னும் நெளியவில்லை.

முதல் பெடல், சத்தத்தைக் கூட்டும் பூஸ்டர். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த எல்பிபி-1 என்ற பெட்டியின் சர்க்யூட் அது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், அவ்வளவுதான். சுவிட்சையும் பெட்டியையும் விட்டுவிட்டால் உள்ளே இருப்பது 50 ரூபாய்ச் சாமான். பிள்ளையையே செய்யச் சொன்னேன், நான் பக்கத்தில் முட்டாக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மார்கழிக் குளிர்.

அவளுக்கு வந்த முதல் சங்கடம் ஈயம். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து, அதைக் கொண்டுபோய்க் கம்பியில் அப்பினாள். எல்லாரும் முதலில் செய்கிற தவறு. அப்பா எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்: "மக்களே, ஈயத்தை அயர்ன்ல உருக்காத, கம்பிய சூடு பண்ணு, கம்பி உருக்கட்டும்." அயர்ன் முனையை ஒரு பக்கம் வைத்து, மூச்சு ஒன்று விடும் நேரம் பொறுத்து, மறுபக்கம் ஈயத்தைத் தொட்டால் அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் ஒட்டவில்லை. துணியில் எண்ணெய் பரவுவது மாதிரி பரவி, ஆறிய பிறகும் மினுங்கினால் ஒட்டிவிட்டது. மங்கலாகச் சாம்பல் பூத்திருந்தால் மறுபடி சூடு காட்ட வேண்டும். அந்த ஒரு இரவில் அவள் பழைய போர்டு ஒன்றில் நாற்பது தடவை ஒட்டிப் பிரித்தாள்.

காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு ஒன்பது கால்கள். உள்ளே பிளாஸ்டிக். ஒரே மூச்சாக ஒன்பதையும் பற்றவைத்தால் பிளாஸ்டிக் இளகி உள்ளே இருக்கும் தகடு நகர்ந்துவிடும், 180 ரூபாய் போச்சு. ஒரு காலுக்கு இரண்டு விநாடி, பிறகு ஆற விட்டு அடுத்தது. இதையும் சொல்லிக்கொடுத்துதான் அயர்னைக் கையில் கொடுத்தேன்.

பூஸ்டர் முடிந்து சொருகினால் சத்தம் வந்தது, ஆனால் நோஞ்சான் சத்தம். கூட்ட வேண்டிய பெட்டி குறைத்துக் கொடுத்தது. பிள்ளை அழுதே விட்டாள். மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சர்க்யூட் படம் 2என்3904 டிரான்சிஸ்டருக்கு வரைந்தது, நாங்கள் போட்டது பிசி547. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் முதலாவதுக்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். பிசி547-க்கு அது நேர்மாறு, கலெக்டர், பேஸ், எமிட்டர். அதைத் திருப்பிப் போட்டோம். மறுபடி கிட்டாரைச் சொருகி ஒரு கம்பியை மீட்டினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நம் ஊர்க் கடைகளில் பிசி547-தான் எளிதாகக் கிடைக்கும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன், இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான படங்களில் வேறு டிரான்சிஸ்டர் இருக்கும்.

இரண்டாவது, கரகரப்புக்கான டிஸ்டார்ஷன். இதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எழுபதுகளில் எம்எக்ஸ்ஆர் நிறுவனம் விற்ற டிஸ்டார்ஷன் பிளஸ் என்ற பெடலின் உள்ளே இருந்தது 741 ஐசி, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய சாமான். 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட அந்த ஐசியைத்தான் எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் இன்றும் முதன்முதலாகக் கையில் எடுக்கிறார்கள். எத்தனையோ பேர் அதை வைத்து ரெக்கார்டு நோட்டில் கிராஃப் போட்டுவிட்டு மறந்துபோயிருப்பார்கள். அதிலிருந்து ராக் இசை வரும் என்று இந்த 26 வருடத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, நானும்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த ஐசி கிட்டாரின் சின்னச் சமிக்ஞையை இருநூறு மடங்கு வரை பெருக்கும். அதற்குப் பிறகு, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடுகள் இரண்டு, எதிரும் புதிருமாக கிரவுண்டுக்கு, அதாவது சர்க்யூட்டின் மைனஸ் பக்கத்துக்கு, போட்டிருக்கும். சமிக்ஞை ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் டையோடு வழி திறந்து அதிகப்படியைக் கீழே இறக்கிவிடும். உருண்டையாக எழுந்து விழுந்த அலையின் தலை தட்டையாகிவிடும். அந்தத் தட்டைதான் நம் காதில் கரகரப்பாகக் கேட்கிறது. சாதாரண சிலிக்கன் டையோடு சுமார் 0.6 வோல்ட்டில் திறக்கும், ஜெர்மானியம் டையோடு சுமார் 0.3 வோல்ட்டிலேயே மெல்ல மெல்லத் திறக்கும். முதலில் சிலிக்கன் போட்டோம். தகரத்தைக் கீறியது மாதிரி இருக்கிறது, கோயிலில் வாசிக்க முடியாது என்றாள்.

அப்பாவின் பிஸ்கட் டின் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. கழற்றிய சாமான்களை அவர் எறிய மாட்டார். திறந்து பார்த்தால் நூல் சுற்றிய ஒரு சின்னக் கட்டில் கண்ணாடி உடம்போடு ஓஏ79 டையோடுகள் ஏழு. பழைய ரேடியோக்களில் ஒலியைப் பிரித்தெடுக்கப் போட்ட ஜெர்மானியம் டையோடு அது. இலங்கை வானொலி கேட்ட எத்தனையோ வீடுகளின் ரேடியோவிலிருந்து அவர் மாற்றிப்போட்டு எடுத்தவை. ஜெர்மானியம் சூடு தாங்காது. டையோடின் காலை உடம்புக்கும் அயர்னுக்கும் நடுவே இடுக்கியால் பிடித்துக்கொண்டால் சூடு இடுக்கிக்குப் போய்விடும். நான் இடுக்கி பிடிக்க, பிள்ளை பற்றவைத்தாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை இல்லை. தொண்டை கட்டிய நல்ல பாடகர் மெதுவாகப் பாடுவது போல என்று வேண்டுமானால் சொல்வேன். டின் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஜெர்மானியம் டையோடு இன்றும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் சிவப்பு எல்இடி இரண்டு போட்டுப் பாருங்கள், அது இன்னொரு விதமாக நன்றாக இருக்கும்.

மூன்றாவது எக்கோ. மைக்குக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ போர்டு ஆம்ப்ளிஃபையர் சாமான் கடைகளில் தனியாகவே விற்கும். அதன் நடுவில் பிடி2399 என்ற ஐசி இருக்கும், பெரிய விலைக்கு விற்கும் கிட்டார் பெடல்கள் சிலவற்றிலும் அதே ஐசிதான். ஆறாவது காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரை மாற்றினால் எதிரொலியின் இடைவெளி மாறும். மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் இழுத்தால் இரைச்சல் கூடிவிடும், கீர்த்தனைக்கு அது போதும். எக்கோவை வரிசையில் கடைசியாக வையுங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் கரகரத்து ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். பூஸ்டரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், பின்னால் வைத்தால் சத்தம் கூடும். பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி வைக்கிறாள், அது அவள் இஷ்டம்.

ஒரு பெடலிலிருந்து அடுத்ததற்குப் போகும் குட்டை ஒயர்களை, இரைச்சலைத் தடுக்கக் கம்பி வலை சுற்றிய ஷீல்டு ஒயர் மீட்டர் 40 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு முனையிலும் கிட்டாரில் சொருகும் பி-38 ஜாக் பற்றவைத்துச் செய்தோம். நாகர்கோவிலில் கடற்காற்று, ஜாக் சீக்கிரம் கறுத்துவிடும், மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும்.

இனி கரண்ட். தகப்பனாரைப் பயமுறுத்தியவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

பெடல்கள் பொதுவாக 9 வோல்ட்டில் ஓடும். அடாப்டர் பின்னின் நடுப்புள்ளி மைனஸாக இருக்க வேண்டும், வெளிவளையம் பிளஸ். வீட்டில் கிடக்கும் இன்டர்நெட் மோடம் அடாப்டர்களில் பெரும்பாலும் இது தலைகீழ், நடுவில் பிளஸ். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வருவதற்குள் பிள்ளை அவசரப்பட்டு மோடம் அடாப்டர் ஒன்றைச் சொருகிவிட்டாள். நான் வந்தபோது வீட்டுக்குள் மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். 741 போயிருந்தது, ஒரு கண்டென்சர் தலை உப்பி நின்றது, எக்கோ போர்டும் போய்விட்டது. மொத்தம் 240 ரூபாய் நஷ்டம். தவறு என்னுடையது. தலைகீழாகக் கொடுத்தாலும் காப்பாற்றுகிற 1என்4001 டையோடு ஒன்றைப் போட்டிருந்தால் எதுவும் ஆகியிருக்காது, அது ஒரு ரூபாய்ச் சாமான். அடாப்டர் மேல் ஒரு வட்டமும் பிளஸ், மைனஸ் குறியும் அச்சடித்திருக்கும். அதைப் படிக்காமல் எதையும் சொருகக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரித்து எல்லாப் பெடலுக்கும் கொடுத்தபோது எக்கோவின் உள்ளே ஓடும் துடிப்பு கரண்ட் வழியாக டிஸ்டார்ஷனுக்குப் போய், கொசு பாடுவது மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் விடாமல் வந்தது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனிக் கரண்ட் கொடுத்தால்தான் அது போகும். கடையில் அப்படிப்பட்ட சப்ளைதான் போர்டிலேயே விலை கூடிய பொருட்களில் ஒன்று. நான் வைண்டிங் கடைக்குப் போய், ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு செகண்டரி (கரண்ட் வெளியே வரும் சுற்று), ஒவ்வொன்றும் 12 வோல்ட், 300 மில்லிஆம்பியர் என்று எழுதிக் கொடுத்தேன். மிக்ஸி மோட்டாருக்குச் சுற்றுகிறவர்தான். ரெண்டு நாளில் சுற்றி, ஒவ்வொரு ஜோடி ஒயருக்கும் ஒரு நிறத்தில் ஸ்லீவ் மாட்டிக் கொடுத்தார், 650 ரூபாய். ஒவ்வொரு செகண்டரிக்கும் நான்கு டையோடு, ஒரு பெரிய கண்டென்சர், 9 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்கும் 7809 ரெகுலேட்டர் ஒன்று, அதன் முதுகில் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க். மூன்று பெடலுக்கு மூன்று, நான்காவது பின்னால் தேவைப்படும் என்று. கொசுச் சத்தம் அடியோடு நின்றது.

230 வோல்ட் வரும் பக்கத்தை மட்டும் நான் பிள்ளையைத் தொட விடவில்லை. ஃபியூஸ், தடித்த ஸ்லீவ், ஒயர் இழுபடாமல் பிடிக்கும் கிளாம்ப், இரும்புப் பெட்டிக்கு மூன்றாவது பின்னிலிருந்து எர்த், எல்லாம் நானே செய்தேன். அந்தத் தகப்பனாருக்கும் இதையே சொல்கிறேன். பெடலுக்குள் 9 வோல்ட், அதில் பையன் என்ன தவறு செய்தாலும் சாமான்தான் போகும். மெயின் கரண்ட் வரும் பெட்டியைத் தெரிந்த ஆளிடம் கொடுத்துச் செய்யுங்கள், அல்லது நல்ல சப்ளையாகக் காசு கொடுத்து வாங்குங்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள்.

கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று பெடல், பலகை, கரண்ட் பெட்டி, ஒயர்கள், ஆட்டோ சீட் கவர் தைப்பவரிடம் ரெக்சினில் தைத்த பை 450, கருகிப்போன 240, எல்லாம் சேர்த்து 4,025 ரூபாய். அயர்னும் மீட்டரும் என்னிடம் இருந்தன. புதிதாக வாங்குகிறவர்கள் இன்னும் ஓர் ஆயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட பகுதி.

போன வருடம் ஓர் ஊர்த் திருவிழாவில் பாடகர் குழுவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் மழை பெய்து மேடைப் பலகை ஈரமாக இருந்தது. பிள்ளை கிட்டாரை மாட்டிக்கொண்டு, போர்டை மிதித்து, பாடுவதற்காக மைக்கிடம் வாயைக் கொண்டுபோனாள். உதடு பட்டதும் தலை பின்னால் வெட்டியது. மைக் ஸ்டாண்டு சரிந்தது. நான் கீழே முன்வரிசையில் இருந்தேன். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. கைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். கிட்டார் கம்பியில் வைத்தேன், எரிந்தது. ஆம்ப்ளிஃபையரின் பிளக்கில் மூன்று பின்னும் இருந்தன. ஆனால் அதைச் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு வந்தது இரண்டு கோர் ஒயர், உள்ளே இரண்டு கம்பி மட்டும். மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற உலோகக் கட்டை வழியாக, ஒயரின் ஷீல்டு வழியாக, ஆம்ப்ளிஃபையரின் உடம்போடு சேர்ந்திருக்கும். அந்த உடம்பு மூன்றாவது பின் வழியாகப் பூமியோடு சேர்ந்திருந்தால் வாசிப்பவருக்கு ஆபத்தில்லை. அந்தப் பின் அறுந்து, ஆம்ப்ளிஃபையரில் கசிவும் இருந்தால் கம்பியில் கரண்ட் ஏறும். மைக் வேறு வழியாக மிக்ஸருக்கும் பூமிக்கும் போகிறது. கை கம்பியில், வாய் மைக்கில். நடுவில் இருப்பது நெஞ்சு. 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்சீ நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, கூட்டத்தின் கண்முன்னால் இறந்துபோனார். எங்கள் பிள்ளைக்கு உதட்டில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று. கடவுளுக்கு நன்றி சொல்லி முடியாது.

அன்று சவுண்ட் சர்வீஸ்காரப் பையன் வருத்தப்பட்டான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது: "அக்கா, இரைச்சல் வந்தா நாங்க எர்த் பின்ன ஒடிச்சு விட்ருவோம், சத்தம் கிளீனா வரும்." உண்மைதான், சில நேரம் இரைச்சல் போகும். இரண்டு இடத்தில் எர்த் சேர்ந்தால் வருகிற வளைய இரைச்சல் அது. அதற்கு வழி, ஆம்ப்ளிஃபையரையும் பெடல் போர்டையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷனில் சொருகுவது. என் போர்டில் அப்படித்தான், இரைச்சலும் இல்லை. பின்னை ஒடிப்பது காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொரு சவுண்ட் சர்வீஸ்காரரையும் கையெடுத்துக் கேட்கிறேன், ஒடிக்காதீர்கள், ஒடித்த பிளக்குகளை மாற்றுங்கள்.

திருவிழாக் கமிட்டிகளையும் கேட்கிறேன். சீரியல் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் எவ்வளவு செலவாகிறது என்று எனக்குத் தெரியும், நானும் வரி கொடுக்கிறவள்தான். மேடைக்கு மூன்று கோர் ஒயர், மேடைக்குப் பக்கத்தில் மண்ணில் இறக்கிய எர்த் ராடு ஒன்று, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. கசிவு வந்த கணமே ஆர்சிசிபி கரண்டை வெட்டிவிடும். ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்த பிறகுதான் ஆர்சிசிபி வேலை செய்யும், அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டும். கோயில் கொடையானாலும் சர்ச் திருவிழாவானாலும் கட்சி மேடையானாலும் பாடுகிற பிள்ளைகளின் வாய் மைக்கில்தான் இருக்கிறது.

அந்தத் தகப்பனாருக்கு: முதல் மாதம் பூஸ்டர் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனோடு உட்காருங்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும் டார்ச் பிடிக்கலாம். எங்கள் அண்ணன் லாரியிலிருந்து வந்த இரவுகளில் அப்படித்தான் பிடித்தார்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கொடியேற்ற இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எர்த் ராடும் ஆர்சிசிபியும் வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து இருபது நாள் ஆகிறது, பதில் இல்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மறுபடி போவேன்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் ஆய்வக உதவியாளர் ஒருவர்,
நாகர்கோவில்.